தாத்தாவோட ஜாவாவுக்குப் புது ஸ்பேர்!

உங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே, கோணிச் சாக்கு போர்த்தி, சீட் மேல பழைய பேப்பர் கட்டை ஏத்தி வெச்சு ஒரு பைக் தூங்கிட்டு இருக்கா? டேங்க்ல ‘ஜாவா’ன்னோ ‘யெஸ்டி’ன்னோ எழுதியிருக்கா? வெளியே இழுத்தா டயர்ல காத்து இல்லாம சத்தியாகிரகம் பண்ணுதா? அப்படின்னா இந்த வாரம் முழுக்க உங்களுக்குத்தான் பாஸ்!

அப்படி எதுவும் வீட்டுல இல்லாதவங்க பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க ஹாஸ்டல்ல ஒருத்தனுக்காவது இப்படி ஒரு தாத்தா இருப்பார். லீவுக்கு அவன் ஊருக்குப் போகும்போது ஸ்பேனர் பிடிக்க ஆள் வேணும்ல?

முதல்ல வண்டியோட ஜாதகம். ஜாவா பிறந்தது 1929-ல், அன்னைக்கு இருந்த செக்கோஸ்லோவாகியாவுல. யானெச்செக் என்பவர் ஜெர்மனியோட வாண்டரர் கம்பெனிகிட்ட இருந்து பைக் தயாரிக்கிற உரிமையை வாங்கினார். யானெச்செக்ல ‘ஜா’, வாண்டரர்ல ‘வா’. அவ்வளவுதான் பேர் ரகசியம். நம்ம ஊர்ப் பக்கம் அது வந்தது மைசூர் வழியா. ‘ஐடியல் ஜாவா’ங்கிற கம்பெனி 1960-கள் தொடக்கத்துல அங்கே தயாரிப்பை ஆரம்பிச்சது. 1973-ல் பேர் ‘யெஸ்டி’ன்னு மாறுச்சு. 1996-ல் ஃபேக்டரிக்குப் பூட்டு. ஒரே சிலிண்டருக்கு ரெண்டு சைலன்ஸர், கிக்கரும் கியரும் ஒரே லிவர்னு அந்த வண்டிக்கே உரிய சேட்டைகள் உண்டு. முதல் தடவை ஓட்டுறவன் கிக்கரைத் தேடி வலதுபக்கம் காலை வீசுவான் பாருங்க, அதுக்காகவே ஒரு ரவுண்டு கொடுக்கலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். செமஸ்டர் லீவுல இந்த வண்டியை எழுப்பணும்னு முடிவெடுக்கிற முக்காவாசிப் பேரோட பிளான் இதுதான்: பழசை எல்லாம் பிரிச்சு பேரீச்சம்பழக்காரருக்குப் போட்டுட்டு, எல்லாத்தையும் புது ஸ்பேரா வாங்கி மாட்டி, பளபளன்னு பெயின்ட் அடிச்சு, காலேஜ் வாசல்ல ‘உர்ர்ர்’! கேக்கறதுக்கு செமயா இருக்கு. ஆனா வண்டியைக் கொல்றதுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஏன்னா, ஃபேக்டரியே மூடியாச்சு. அப்ப கடையில பிளாஸ்டிக் கவர்ல மினுக்கிட்டுத் தொங்குற அந்தப் புது ஸ்பேர் யார் செஞ்சது? பெரும்பாலும் வேற யாரோ, பழைய பாகத்தைப் பார்த்து, அச்சு எடுத்து செஞ்சது. அதுல அசல் மாதிரியே உழைக்கிற நல்ல சாமானும் உண்டு. பார்க்க மட்டும் அசல் மாதிரி இருக்கிற சாமானும் உண்டு. ரெண்டாவது வகை, மூடுறதுக்கு முன்னாடி தயாராகி விக்காமலேயே பெட்டியில கிடந்த ‘ஓல்டு ஸ்டாக்’. மூணாவது, செக் நாட்டுல பழைய ஜாவாக்களுக்காக இன்னைக்கும் செய்ற பாகங்கள். ஆனா மைசூர்ல வருஷா வருஷம் சின்னச் சின்ன மாற்றம் பண்ணியிருக்காங்க. அதனால செக் பாகம் எல்லாமே யெஸ்டியில அப்படியே உட்காரும்னு நம்பி காசைக் கட்டாதீங்க. அப்புறம் ஒரு விஷயம். 2018-ல் மறுபடி வந்துச்சே புது ஜாவா, அந்த ஷோரூம்ல போய் தாத்தா வண்டிக்குப் பிஸ்டன் கேட்காதீங்க. அது ஃபோர் ஸ்ட்ரோக், ரேடியேட்டர் வெச்ச வண்டி. இது டூ ஸ்ட்ரோக். பேர் மட்டும்தான் ஒண்ணு.

அப்ப புது ஸ்பேரே வாங்கக் கூடாதா? வாங்கணும் பாஸ். சில இடத்துல கட்டாயம் வாங்கணும். எதைப் புதுசா போடறது, எதைப் பழசையே தேத்தறதுங்கிறதுலதான் மொத்த விளையாட்டும் இருக்கு.

ரப்பர்ல இருந்து ஆரம்பிப்போம். ரப்பர்ல பழசுக்கு மரியாதையே கிடையாது. ‘ஒரிஜினல் மைசூர் ஆயில் சீல், பெட்டியே பிரிக்கல’ன்னு ஒருத்தர் ஆசை காட்டுவார். அந்தப் பெட்டியில முப்பது வருஷமா தூங்கின ரப்பர் எப்படி இருக்கும்? காஞ்ச அப்பளம் மாதிரி விறைச்சிருக்கும். சாதாரண வண்டியில சீல் கெட்டா ஆயில் சொட்டும், தரை அழுக்காகும், அம்மா திட்டுவாங்க, அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்ல கதையே வேற. இதுல கிராங்க்கேஸ்தான் பம்ப். பிஸ்டன் மேல போகும்போது பெட்ரோல் கலவையை உள்ளே இழுக்குது, கீழே வரும்போது அழுத்தி சிலிண்டருக்குள்ள தள்ளுது. கிராங்க் சீல்ல ஒரு கீறல் இருந்தாலும் அந்த வழியா வெளிக்காத்து உள்ளே போகும். கலவையில காத்து கூடி பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், ஏன்னா ஆயில் பெட்ரோலோடதானே கலந்து வருது? எஞ்சின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கும். அதைத்தான் மெக்கானிக்குங்க ‘சீஸ் ஆயிடுச்சு’ன்னு சொல்றாங்க. ஹைவேஸ்ல எழுபதுல போகும்போது பின்சக்கரம் திடீர்னு பூட்டிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கிளட்ச்சை உடனே பிடிச்சா பிழைச்சோம். கையளவு கூட இல்லாத ஒரு ரப்பர் வளையம் பண்ற வேலை இது!

கிளட்ச் பக்கத்து சீல் போனா வேற மாதிரி காட்டிக்கொடுக்கும். அங்கே இருக்கிற ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். சைலன்ஸர்ல கொசு மருந்து வண்டி மாதிரி புகை வரும். கியர் ஆயில் அளவு தானா குறைஞ்சுகிட்டே போகும். அதனால எஞ்சினைப் பிரிச்சாச்சுன்னா, நல்லா இருக்கோ இல்லையோ, எல்லா சீலும் புதுசு. இதுல கஞ்சத்தனமே கூடாது.

பெட்ரோல் டியூபும் அப்படித்தான். 2025-ல் இருந்து நம்ம பங்க்குல வர்றது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1970-ல் செஞ்ச வண்டிக்கு அப்படி ஒரு சரக்கு வரும்னு யாரும் சொல்லி வைக்கலை. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும், கரைக்கும். காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். மாசக்கணக்கா டேங்க்ல பெட்ரோலோட நிறுத்தி வெச்சா அடியில தண்ணி தங்கித் துருப்பிடிக்கும். புது டியூப், புது காஸ்கெட் வாங்கும்போது எத்தனாலைத் தாங்குமான்னு கேட்டு வாங்குங்க. வண்டியை நிறுத்தி வைக்கிற மாதிரி இருந்தா டேங்கையும் கார்புரேட்டரையும் காலி பண்ணிடுங்க.

அடுத்து பேரிங். இதுல ஒரு குஷியான சமாச்சாரம் இருக்கு. ‘ஜாவா பேரிங்’னு தனியா ஒண்ணும் வானத்துல இருந்து குதிக்கலை. பழைய பேரிங்கைத் துடைச்சுப் பாருங்க, ஓரத்துல ஒரு நம்பர் பொறிச்சிருக்கும். உதாரணத்துக்கு 6204-ன்னு இருந்தா, உள் விட்டம் 20 மில்லிமீட்டர், வெளி விட்டம் 47, அகலம் 14. உலகத்துல யார் செஞ்ச 6204-ஆ இருந்தாலும் இதே அளவுதான். பைக் ஸ்பேர் கடைக்குப் போகாம, பேரிங் மட்டும் விக்கிற கடைக்குப் போய் நம்பரைச் சொல்லி, பேர் பெற்ற கம்பெனி பேரிங்கா, பில்லோட வாங்குங்க. நம்பருக்குப் பின்னாடி ‘சி3’ மாதிரி ஏதாவது இருந்தா அதையும் சேர்த்துச் சொல்லணும். உள்ளே இருக்கிற இடைவெளியைக் குறிக்கிறது அது. சூடேறுற எஞ்சினுக்கு அந்த இடைவெளி முக்கியம்.

இப்ப பிஸ்டன். நிறையப் பேர் வழுக்கி விழற இடம். சிலிண்டர் தேஞ்சிருந்தா லேத் பட்டறையில போர் அடிச்சு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவாங்க. வழக்கமா 0.25 மி.மீ. படிப்படியா சைஸ் ஏறும். எதை முதல்ல செய்யணும்? சிலிண்டரைக் கொடுத்து போர் அடிச்சுட்டு வந்து, அப்புறமா பிஸ்டன் தேடுறது நடைமுறை. அது தலைகீழ்! பிஸ்டனை முதல்ல வாங்கி, அதைக் கையோட பட்டறைக்கு எடுத்துட்டுப் போகணும். ஏன்னா புது பிஸ்டன் கவர்ல போட்டிருக்கிற அளவுலதான் இருக்கும்னு நிச்சயம் இல்ல. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளியே ஒரு தலைமுடி கனத்துக்குப் பக்கம்தான். அந்தக் கனத்துல பாதி தப்பினாலும் ஒண்ணு சீஸ் ஆகும், இல்லைன்னா கடகடன்னு சத்தம் போடும். அந்த ஒரு பிஸ்டனை மைக்ரோமீட்டர்ல அளந்து, அந்த ஒரு பிஸ்டனுக்காகவே சிலிண்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க. முதல் வருஷ ஒர்க்‌ஷாப் லேப்ல தூங்கி வழிஞ்சுகிட்டே அளவு எடுத்தோமே, அது எதுக்குன்னு அப்ப புரியும்.

போர் அடிச்சு முடிச்சதும் இன்னொரு வேலை பாக்கி. டூ ஸ்ட்ரோக் சிலிண்டர்ல சுவர்லேயே ஜன்னல் மாதிரி ஓட்டைகள் இருக்கும், போர்ட்டுன்னு பேர். போர் அடிச்சதும் அந்த ஜன்னல் விளிம்பெல்லாம் பிளேடு மாதிரி கூர்மையா நிக்கும். அதை லேசா உருட்டி விடலைன்னா ரிங் அதுல மாட்டி ஒடியும். பட்டறைக்காரர் செஞ்சிருப்பார்னு விடாம, விரலால தடவிப் பாருங்க. அப்புறம் ரிங்கை வெறும் சிலிண்டருக்குள்ள நுழைச்சு, அதோட ரெண்டு முனைக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியைப் பாருங்க. மேனுவல்ல சொன்ன அளவு இருக்கணும். பிஸ்டன் தலையில அம்புக்குறி இருந்தா அது சைலன்ஸர் பக்கம். இந்த மூணையும் பார்க்க அரைமணி நேரம்கூட ஆகாது.

கியர், கிராங்க், கிராங்க்கேஸ்னு வரும்போது என் கட்சி அப்படியே மாறிடும். இங்கே பழசுதான் ராஜா. கியர் பல் இரும்பை எப்படிச் சூடாக்கி எப்படிக் குளிர வெச்சாங்கங்கிறதுலதான் அதோட உழைப்பு இருக்கு. அதைப் படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது. பல் உடையாம, மூலை மழுங்காம இருக்கிற பழைய கியரைத் துடைச்சு அப்படியே மாட்டுங்க. புஷ் தேஞ்சிருந்தா கன்மெட்டல்ல கடைஞ்சு தர நல்ல லேத் பட்டறை ஊருக்கு ஒண்ணாவது இருக்கும், கோயமுத்தூர்க்காரங்களுக்குத் தெருவுக்கு ஒண்ணு. கனெக்டிங் ராட் ஆடுதுன்னா மட்டும் புது ராட் கிட். அதைச் சுத்தியலால அடிச்சு ஏத்துற ஆள்கிட்ட கொடுத்துடாதீங்க. பிரஸ்ல ஏத்தி, டயல் கேஜ் வெச்சு கிராங்க் நேரா சுத்துதான்னு பார்த்துத் தர்றவர்கிட்ட கொடுங்க. அவர் ரெண்டு நாள் இழுத்தடிச்சாலும் பரவாயில்ல.

கிக்கர் லிவர்ல ஒரு சூட்சுமம். அது கோத்திருக்கிற ஷாஃப்ட்ல பல் பல்லா வெட்டியிருக்கும். லிவர் வழுக்கினா லிவரைப் புதுசா மாத்துங்க, வெல்டிங் மட்டும் வெச்சுடாதீங்க! லிவர் வெளியே இருக்கிற சாமான், அஞ்சு நிமிஷத்துல மாத்தலாம். ஷாஃப்ட் எஞ்சினுக்குள்ள இருக்கு.

தகரச் சாமான்கள்: மட்கார்டு, டூல் பாக்ஸ், டேங்க். புது மட்கார்டையும் பழசையும் ரெண்டு கையில தூக்கிப் பாருங்க. நிறைய இடத்துல புதுசு காத்தாடி மாதிரி இருக்கும். துருப்பிடிச்ச பழசை டிங்கரிங் பண்ணி எடுத்தாலே இன்னும் பல வருஷம் வரும். டேங்க்ல ஓட்டை இருந்தா நீங்களே வெல்டிங் வைக்கக் கிளம்பிடாதீங்க. காலியா இருக்கேன்னு நினைப்பீங்க. பெட்ரோலைவிட அந்தக் காலி டேங்க்ல இருக்கிற ஆவிதான் வெடிக்கும். பெயின்ட் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல, அது உங்க ரசனை. ஆனா ஆர்.சி.யில இருக்கிற கலரை மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதியணும்.

ஒயரிங் பண்றவங்க ஒரு கணக்கு போடுங்க. பழைய ஜாவா 6 வோல்ட். ஹெட்லைட் பல்பு 35 வாட்னா, கிட்டத்தட்ட 6 ஆம்பியர் ஓடும். அதே பல்பு 12 வோல்ட் வண்டியில 3 ஆம்பியர்தான். ஆக, ஜாவாவுக்குத் தடிமனான ஒயர் வேணும். கடையில ரெடிமேடா கிடைக்கிற புது ஒயரிங் செட் மெலிசா இருந்தா வழியிலேயே வோல்டேஜ் காணாமப் போயிடும். அப்புறம் ‘ஜாவா லைட்டுன்னா மண்ணெண்ணெய் விளக்குடா’ன்னு வண்டியைத் திட்டுவீங்க.

பிரேக் ஷூ புதுசுதான், கேள்வியே இல்ல. பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கிற தூசியை வாயால ஊதாதீங்க, ஏர் பிடிக்காதீங்க. அந்தக் காலத்து பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நுரையீரலுக்குள்ள போனா திரும்பி வராது. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால துடைச்சு, அந்தத் துணியையும் கவர்ல கட்டிப் போடுங்க. கேபிள், டயர், டியூப் எல்லாம் புதுசு. டயர்ல பட்டன் நல்லா இருக்கேன்னு பழசை வெச்சு ஓட்டுறவனைப் பார்த்தா எனக்குக் கை நடுங்கும்.

இப்ப காசைவிடப் பெரிய ஒரு விஷயம். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும்! ஆர்.சி.யில இருக்கிற நம்பர் இரும்புல இருக்கணும். எஞ்சின் நம்பர் கிராங்க்கேஸ்ல இருக்கு. ‘கேஸ் விரிசல் விட்டுருக்கு தம்பி, வேற போட்டுக்கலாம்’னு யாராவது சொன்னா உஷார். அலுமினியம் வெல்டிங் தெரிஞ்சவரைத் தேடி அதையே சரி பண்ண முடியுமான்னு முதல்ல பாருங்க. புதுப்பேட்டையில வேற வண்டியோட கேஸ் வாங்கி மாட்டினா, அது எந்த வண்டி, யாரோட வண்டி, எப்படி அங்கே வந்ததுன்னு போலீஸ்கிட்ட பதில் சொல்லப் போறது நீங்கதான். நம்பரே இல்லாத புது கேஸ்ல நீங்களா நம்பர் குத்துறது நேரடிக் குற்றம். சேஸிஸை மணல் அடிக்கவோ பவுடர் கோட்டிங்குக்கோ கொடுக்கும்போது நம்பர் இருக்கிற இடத்துல கனமான டேப் ஒட்டிக் கொடுங்க. முன்னாடியே போட்டோவும் எடுத்து வெச்சுக்குங்க. வேலை பார்க்கிறவர் வேகத்துல தேய்ச்சுட்டார்னா அவ்வளவு உழைப்பும் வெறும் காட்சிப் பொருள்.

வண்டி இன்னும் தாத்தா பேர்லயே இருக்கா? அவர் இருந்தா பக்கத்துல உட்கார வெச்சு இப்பவே பேர் மாத்திடுங்க. அவர் காலமாகியிருந்தா வாரிசுக்கு மாத்த ஃபார்ம் 31 இருக்கு. பதிவு 15 வருஷம் கழிச்சு காலாவதியாகியிருந்தா ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியை நேர்ல காட்டி அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதியும் கொண்டு வந்தது. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பர்ல ‘வி.ஏ.’ன்னு வரும். ஆனா அதுல தினமும் காலேஜுக்குப் போக முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான். கவனிச்சீங்களா, ‘அசல் உருவம்’! கண்ணுல பட்டதை எல்லாம் மாத்தினவனுக்கு அந்தக் கதவும் மூடிடும்.

அதனால பிரிக்கிற முதல் நாளே அட்டைப் பெட்டி நாலு வாங்கிடுங்க. கழட்டுற ஒவ்வொரு சாமானையும் கவர்ல போட்டு, எந்த இடத்துல இருந்ததுன்னு எழுதி, செல்போன்ல போட்டோ எடுத்து வைங்க. புதுசு வாங்கப் போகும்போது பழசையும் வெர்னியரையும் கையில எடுத்துட்டுப் போங்க. ஜி.பி. ரோட்டுக் கடைக்காரர் முதல்ல முறைப்பார். அளந்து பார்த்து வாங்குற பையன்னு தெரிஞ்சதும் உள்ளே போய் வேற பெட்டியில இருந்து நல்ல சரக்கை எடுத்துட்டு வருவார், பாருங்களேன்.

எல்லாம் மாட்டி, 2டி ஆயில் கலந்த பெட்ரோலை ஊத்தி, முதல் கிக்ல ஸ்டார்ட் ஆகலைன்னா சோர்ந்துடாதீங்க. பாயின்ட் கேப்பைப் பாருங்க, பிளக்கைக் கழட்டி ஸ்பார்க்கைப் பாருங்க. ஸ்டார்ட் ஆனதும் உடனே ஈ.சி.ஆர். பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டாம். முதல் 500 கிலோமீட்டருக்கு மெதுவா, நடுநடுவே நிறுத்தி ஆற விட்டு ஓட்டுங்க. பிளக்கை அப்பப்ப கழட்டிப் பாருங்க. சாக்லேட் கலர்னா ஜோர். கறுப்பா எண்ணெய் வழிஞ்சா பெட்ரோல் அதிகம். வெள்ளையா இருந்தா வண்டியை உடனே ஓரங்கட்டி, எங்கே காத்து இழுக்குதுன்னு தேடுங்க. சீல் கதை ஞாபகம் இருக்குல்ல?

அந்த 500 முடியுற வரைக்கும் பழைய சாமான் பெட்டியை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. ‘வீடே குப்பையாக் கிடக்கு’ன்னு அம்மா கத்தினா கட்டிலுக்குக் கீழே தள்ளி வைங்க. மாட்டின புது சாமான் ஏதாவது மக்கர் பண்ணினா, அடுத்து செய்யப் போறவருக்கு அச்சு எடுக்கவாவது அந்தப் பழசு வேணும்.

ஒவ்வொரு வருஷமும் ஜூலை ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஜாவா - யெஸ்டி தினம். ஊர் ஊருக்கு வண்டிக்காரங்க ஒண்ணு கூடுவாங்க. வண்டி ஓடலைன்னாலும் பஸ் பிடிச்சாவது போயிட்டு வாங்க. மைசூர்லயே தயாரான பாகம் எது, அச்சு எடுத்த பாகம் எதுன்னு அஞ்சடி தூரத்துல இருந்தே சொல்ற அங்கிள்கள் அங்கே நிறைய இருப்பாங்க. பெட்டியில இருக்கிற உங்க சந்தேக சாமான் ரெண்டை மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போங்க!